யாழ்ப்பாணமும் தீவுகளும்: முதன்முறை வருகிறவருக்கு மூன்று நாள் கணக்கு

எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் எல்லோரும் கையில் பட்டியலோடுதான் வருகிறார்கள். கொழும்பிலிருந்து வருகிறவரிடம் பத்து இடம், சென்னையிலிருந்து வருகிறவரிடம் பதினைந்து. ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர் போன முறை அச்சடித்தே கொண்டுவந்தார். பட்டியலில் பிழை சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போவது என்பது மட்டும் அதில் இருக்காது. பகல் பதினொரு மணிக்குக் கோட்டைக்குப் போனால் வெயிலைத்தான் பார்க்கலாம். காலைப் படகைத் தவறவிட்டால் நெடுந்தீவு இன்னொரு நாளுக்குப் போய்விடும். பிற்பகல் மூன்றரைக்கு நண்டுக்கறி கேட்டால் என்ன நடக்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆகவே கீழே உள்ளதை இடங்களின் வரிசையாகக் கொள்ளாமல் நேரங்களின் வரிசையாகப் படியுங்கள்.

வருவதற்கு முன்

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடைக்காற்றும் மழையும். மே மாதம் தொடங்கி சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும். படகு ஆடும், தலைமயிரில் உப்புப் படியும். ஆனாலும் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அந்த வெக்கையில்தான் பழுக்கும் என்பதால், அந்த மாதங்களை முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயிலும் கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். முதன்முறை வருகிறவருக்கு அதுதான் ஏற்ற காலம்.

ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழா 25 நாள் நடக்கும். ஊரே திரளும் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும் என்றால் அறையை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். அந்த நாள்களில் பல வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சமைப்பதில்லை. கணவாயும் நண்டும் தேடி வருகிறவர் வேறு மாதம் பார்ப்பது நல்லது. பௌர்ணமியான போயா நாளில் நாடு முழுவதும் மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டியிருக்கும் என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு கோட்டையிலிருந்து ரயில் வருகிறது. போரில் அழிந்துபோன பாதை 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம்வரை வந்து சேர்ந்தது. பகல் ரயிலில் வந்தால் ஆனையிறவில் இருபுறமும் உப்பளமும் வெட்டவெளியுமாக விரியும். அதற்காகவே ஜன்னலோர இருக்கை கேளுங்கள். தமிழகத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னை–பலாலி விமானமும், 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் உண்டு. கப்பல் காலநிலையைப் பார்த்தே ஓடும். அதை நம்பிக் கல்யாண வீட்டுக்குப் புறப்பட வேண்டாம்.

நல்லூருக்கும் நகர மத்திக்கும் இடையில் எங்கே தங்கினாலும் சரி. பல விடுதிகளில் சைக்கிள் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். ஊர் தட்டையானது, மேடு பள்ளம் கிடையாது. ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். நூறு ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். தீவில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

முதல் நாள்: நகரம்

காலை ஆறரை மணிக்குப் பாசையூருக்கோ குருநகருக்கோ போங்கள். கரைக்கு வந்த மீனை ஏலம் கூறுவார்கள். ஏலம் கூறுகிறவர் பேசுகிற வேகத்தில் விலை என்ன என்று எனக்கே பாதி விளங்குவதில்லை. வாங்குவதற்காகப் போகவில்லை என்றாலும் பாருங்கள். மத்தியானம் உங்கள் இலைக்கு வரப்போவது எது என்று தெரிந்துவிடும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பஸ் நிலையத்துக்கு அருகே சைவக் கடைகள் உண்டு. மலாயன் கபே பழைய கடை. இடியப்பமும் சொதியும் கேளுங்கள். தேங்காய்ப்பாலில் வெந்தயமும் பச்சைமிளகாயும் போட்டு, கடைசியில் எலுமிச்சம்புளி விட்ட மஞ்சள் குழம்புதான் சொதி. தமிழகத்து நண்பர்கள் அதை ரசம் என்று நினைத்துத் தனியே குடித்துவிடுகிறார்கள். அதில் பிழையும் இல்லை. தோசைக்குச் சாம்பார் வரும், சம்பலும் வரும். இரண்டில் சம்பலைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரத்தை இங்கே உறைப்பு என்போம். "உறைப்புக் குறைவு" என்று கடைக்காரர் சொன்னால் அது அவருடைய நாக்கின் அளவு.

பத்து மணிக்குள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குப் போய்விடுங்கள். ஆண்கள் மேலாடையைக் கழற்ற வேண்டும். பூசை நேரத்தில் ஒரு நிமிடமும் பிசகாது. மணி அடிப்பதைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்தியவர்களை நான் அறிவேன். அர்ச்சனைச் சிட்டை நெடுங்காலமாக ஒரு ரூபாய்தான். கிட்டவே, பழைய யாழ்ப்பாண அரசோடு சேர்த்துச் சொல்லப்படும் சங்கிலியன் தோப்பு வாயில், மந்திரிமனை, யமுனா ஏரி ஆகியவை இருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் தாராளம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிடுங்கள். சோறு, நண்டுக்கறி, கணவாய், சுறாவறை, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய் என்று அன்று சமைத்தது அப்போதுதான் முழுமையாக இருக்கும். என் மைத்துனர் பட்டியலில் இருந்த ஒரு கடைக்குப் பிற்பகல் மூன்றரைக்கு நாங்கள் போனோம். வந்த நண்டின் ஓட்டுக்குள் தண்ணீர்தான் இருந்தது. குளிர்பெட்டியில் கிடந்ததைச் சூடான குழம்பில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். "யாழ்ப்பாண நண்டு இவ்வளவுதானா அத்தான்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் உண்டு. நிலவுக் காலத்து நண்டில் சதை இருக்காது என்று மீன் விற்கிற அக்காமார் சொல்வார்கள். அமாவாசையை ஒட்டி வருகிறவருக்கு யோகம்.

ஒன்றரைக்கும் நான்குக்கும் நடுவில் தூங்குங்கள். சோம்பல் என்று நினைக்க வேண்டாம். அந்த வெயிலில் நாய்கூட ஒழுங்கையில் நடக்காது.

நான்கு மணிக்கு மேல் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1933இல் சிறிய அளவில் தொடங்கியது. பெரிய கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. இப்போது நிற்பது திருத்திக் கட்டப்பட்டது. பார்வையாளருக்கென்று தனி நேரம் இருக்கிறது, வாசலில் கேளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பேசாமல் நடங்கள். உள்ளே பள்ளிப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கிருந்து நடந்தே கோட்டைக்குப் போகலாம். போர்த்துக்கேயர் 1618இல் தொடங்கியது. 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாகத் திருத்தி எழுப்பினார்கள். உள்ளே இருந்த ஒல்லாந்தத் தேவாலயம் போரில் இடிந்து கற்குவியலாகிவிட்டது. மதிலின் மேல் ஏறி மேற்குப் பக்கம் உட்காருங்கள். பண்ணைக் கடலில் சூரியன் இறங்கும்போது, நாளைக்கு நீங்கள் போகப்போகும் தீவுப் பாதை கீழே கோடாகத் தெரியும்.

இரவு எட்டு மணிக்கு நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிரீம். ரியோ பெயர்பெற்றது, அக்கம்பக்கத்திலும் கடைகள் உண்டு. பாட்டி, பேரப்பிள்ளை, புதுமணத் தம்பதி எனக் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஊரில் இரவில் வெளியே போவதென்றால் பலருக்கும் இதுதான்.

இரண்டாம் நாள்: நெடுந்தீவு

முதல்நாள் இரவே செய்ய வேண்டியவை சில. விடுதிக்காரரிடம் மறுநாள் படகு நேரத்தை உறுதி செய்யுங்கள்; காலை எட்டு மணியளவில் புறப்படுவது வழக்கம், ஆனால் மாறும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, நாலு வாழைப்பழம் எடுத்துவையுங்கள். சீக்கிரம் படுங்கள்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 இலக்கப் பஸ், படகுகள் புறப்படும் குறிகட்டுவானுக்குப் போகும். காலை ஆறு மணிக்கு முன்பே அங்கே நிற்பது நல்லது. பண்ணை என்ற இடத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் கடல். தடி நட்டு வலை கட்டிய மீன்பொறிகளும், ஒற்றைக்காலில் நிற்கும் நாரைகளும் பஸ் ஜன்னலுக்குக் கிட்ட வரும். வேலணையைத் தாண்டி இன்னொரு கடல்பாலத்தால் புங்குடுதீவுக்குள் போனால் கூரை விழுந்த பெரிய கல்வீடுகள் வரிசையாக வரும். அவற்றின் உரிமைக்காரர் பிரான்ஸிலோ கனடாவிலோ இருப்பார்கள். முற்றத்தில் ஆடு நிற்கும். சில மதில்கள் மட்டும் அண்மையில் வெள்ளையடித்த பளபளப்போடு நிற்கும். பணம் வந்திருக்கிறது, ஆள் வரவில்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்கு ஒரு வரிசை, நெடுந்தீவுக்கு இன்னொரு வரிசை. கேட்டுவிட்டு நில்லுங்கள். உயிர்காப்பு அங்கி தருவார்கள், மறுக்காமல் போடுங்கள். கடல் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வயிறு புரளுகிறவர் படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்க வேண்டும். கைபேசியைப் பார்க்கக் கூடாது. வெங்காய மூட்டை, சீமெந்துப் பை, எரிவாயு சிலிண்டர் சகிதம் தீவுக்காரர்களும் ஏறுவார்கள். உங்களுக்கு உல்லாசப் பயணம், அவர்களுக்கு அதுதான் பஸ். வயதானவர்களுக்கு இடம் விட்டுக்கொடுங்கள்.

இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் நிற்பார்கள். மூன்று மணி நேரத்துக்குப் பேசி, ஏறும்போதே இரண்டு விடயம் சொல்லுங்கள். ஒன்று, திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டு, அதற்கு அரை மணி முன்பு துறையில் விடச் சொல்லுங்கள். மற்றது, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்போதே தொலைபேசியில் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். அங்கே கடைகள் குறைவு. சொல்லாமல் போனால் பணிசும் (பன்) சோடாவும்தான்.

பார்க்க வேண்டியவை: உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்கமரம் (பாவோபாப்). அரபு வணிகர் கொண்டுவந்தது என்பது ஊர்வழக்கு. ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு. கடலோரத்தில் இடிந்து நிற்கும் கோட்டை. பிறகு, மரமில்லாத வெளியில் மேயும் குதிரைகள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்றவற்றின் வழிவந்தவை என்பார்கள். மெலிந்த, குட்டையான உடம்பு. கிட்டப் போகாதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள். கோடையில் அவை தண்ணீருக்குப் படும்பாடு பெரிது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தவை வேலிகள். தீவு முழுக்க முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக, சாந்து ஏதும் பூசாமல் அடுக்கியிருக்கிறார்கள். ஆட்டோவை நிறுத்திவிட்டு ஒரு கல்லில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு கல்லில் தேன்கூட்டுக் கண்கள், அடுத்ததில் மூளையின் மடிப்பு, அதற்கடுத்ததில் சின்னச் சின்னப் பூ. ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தவை, இப்போது பனங்காணிக்கு எல்லை காட்டுகின்றன. கல்லிடுக்கில் ஓணான் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கும்.

மைத்துனர் குதிரைகளைப் படம் பிடித்துக்கொண்டே இருந்ததால் அன்று திரும்பும் படகை விட்டுவிட்டோம். துறைக்கு வந்தபோது படகுக்கும் எங்களுக்கும் இடையில் இருபது முழம் தண்ணீர். ஆட்டோத் தம்பி தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். "படகு போனால் என்ன தம்பி, அடுப்பு இருக்கிறதுதானே" என்றார் அவருடைய தாயார். அன்று அவர் வைத்தது ஒடியல் கூழ். பச்சைப் பனங்கிழங்கை வெயிலில் காயவைத்து இடித்த மாவுதான் ஒடியல் மா. அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்துக் கசப்பை எடுத்தார். பானையில் நண்டு, இறால், மீன்தலை, பயத்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, ஒருபிடி முருங்கையிலை. செத்தல்மிளகாயை அரைத்துப் போட்டு, பழப்புளியில் மாவைக் கரைத்து ஊற்றியதும் குழம்பு தடித்தது. பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தித் தந்தார். நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டே மூக்கைத் துடைக்க வேண்டும், அப்படி உறைப்பு. இரவெல்லாம் நுளம்பு (கொசு). மைத்துனரின் அடுத்தநாள் பட்டியல் அதோடு போயிற்று. இன்றும் அதற்கு என்னைத்தான் குறை சொல்கிறார்.

உங்களுக்குக் கூழ் வேண்டும் என்றால் படகை விடத் தேவையில்லை. தங்கும் இடத்தில் முதல்நாளே சொல்லுங்கள், நகரத்திலும் வைத்துத் தருவார்கள். அரைமணியில் ஆகிற சமையல் அல்ல அது.

மூன்றாம் நாள்: நயினாதீவும் காரைநகரும்

இன்றைக்கு வாகனம் ஒன்றை நாள்வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். மறுபடி குறிகட்டுவான், நயினாதீவுக்குப் படகில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். துறைக்கு எதிரேயே நாகபூசணி அம்மன் கோபுரம். சற்றுத் தள்ளி நாகவிகாரை. சிங்கள யாத்திரிகர்கள் தொலைவிலிருந்து அதற்காக வருவார்கள். போயா நாளிலும் பள்ளி விடுமுறையிலும் படகு வரிசை நீளும். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இதுதான் என்று நயினாதீவார் சொல்வார்கள். மத்தியானப் பூசை முடிந்து அன்னதானத்தில் உட்கார்ந்தால் அந்தக் கதையோடு வாதாட மனம் வராது. சோறு, பருப்பு, பூசணி, ஒரு கீரை. இலையில் மிச்சம் வைக்காதீர்கள்.

திரும்பும் வழியில் வேலணையால் ஊர்காவற்றுறைக்குத் திரும்புங்கள். அங்கிருந்து காரைநகருக்குக் கடலைக் கடக்க "பாதை" இருக்கிறது. தட்டையான மிதவை ஒன்றுக்குத்தான் இங்கே அந்தப் பெயர், வாகனத்தோடும் ஏறலாம். வெளியூர்க்காரர் "பாதை எங்கே?" என்று கேட்டுத் தெருவைத் தேடிய கதைகள் பல. அன்று ஓடுகிறதா, உங்கள் வாகனத்தை ஏற்றுவார்களா என்று முதலில் விசாரியுங்கள். கடக்கும்போது நடுக்கடலில் ஒரு கோட்டை தெரியும். இலங்கையைப் பன்றித்தொடையாகக் கண்ட ஒல்லாந்தர் அதன் குதிக்கால் என்று பொருள்பட அதற்கு ஹமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்கு அது கடற்கோட்டை. இப்போது கடற்படையிடம் இருக்கிறது.

நான்கு மணிக்குக் கசூரினா கடற்கரை. சவுக்கு மரங்களால் வந்த பெயர். நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. பிள்ளைகளோடு வருகிறவருக்கு நல்லது. பெண்கள் உடை மாற்ற ஒதுக்கிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். இருட்டுவதற்கு முன் பொன்னாலைப் பாலத்தால் நகரத்துக்குத் திரும்பிவிடலாம்.

நான்காவது நாள் கிடைத்தால் வடக்குக் கரையை ஒரே சுற்றில் முடிக்கலாம். காலையில் கீரிமலைக் கேணி: கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. மாற்றுடை கொண்டுபோங்கள். வழியில் நிலாவரைக் கிணறு. மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். எட்டிப் பார்க்கலாம், குதிக்கக் கூடாது. மத்தியானம் தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலில் அன்னதானம். மாலையில் பருத்தித்துறை. ஓடக்கரைத் தோசைக்காக நான் பஸ் ஏறிப் போனதுண்டு.

கள் குடிக்க ஆசைப்படுகிறவருக்கு: தவறணை (கள்ளுக்கடை) என்று கேட்டால் வழி காட்டுவார்கள். காலையில் இறக்கியது இனிக்கும், மாலையில் புளிக்கும். பனங்கள் எல்லா மாதமும் கிடைக்காது, தென்னங்கள் கிடைக்கும். போதை வேண்டாதவர் புளிக்காத பதநீரான கருப்பணி கேளுங்கள். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்தால் அது தனிச்சுவை.

கொண்டுபோவதற்கு

பெரிய சந்தையில் பனம்பொருள்களுக்குத் தனிக் கடைகள் இருக்கின்றன. பனங்கட்டியைக் குட்டானோடு வாங்குங்கள். ஓலைக் குட்டானில் வார்த்தது பிளேன்ரீக்கு, அதாவது பால் விடாத தேநீருக்கு, கடித்துக்கொள்ள அளவாக இருக்கும். பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டு புளிப்பும் இனிப்புமாக நாக்கில் ஒட்டும். எல்லோருக்கும் பிடிக்காது, முதலில் ஒரு துண்டு கேட்டுச் சுவையுங்கள். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலுக்கு நல்ல பல் வேண்டும். பருத்தித்துறை வடை வாரக்கணக்கில் கெடாது. தோலகட்டி நெல்லிரசம் போத்தலில் வருகிறது. விமானத்தில் போகிறவர் துணிகளுக்கு நடுவில் வைத்து மடிக்க வேண்டும்.

கருவாட்டை மட்டும் கடைசி நாளில், வண்டி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக வாங்குங்கள். பத்திரிகைத்தாள் இரண்டு சுற்று, அதன்மேல் பொலித்தீன் இரண்டு சுற்று. முதல் நாளே வாங்கி விடுதி அலுமாரியில் வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலை, பக்கத்து அறைக்காரர் வேறு விடுதிக்குப் போய்விட்டார்.